ஏழு நிமிடமும் ஒரு சாணும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள்சாலைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் ஓய்வு. விடியற்காலை நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில். இரவு ஷிப்ட் இன்னும் விட்டிருக்காது. காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கியிருக்காது. கம்பி உருட்டும் ஆலைகளின் இரைச்சல் மட்டும் மதில்களுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பையன்கள் ஓடுவார்கள்.

ஒரு விளக்குக் கம்பத்தடியில் சுண்ணாம்புக் கோடு. பைக் மீட்டரில் அளந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. போய்த் திரும்பினால் 1500 மீட்டர். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் அந்தத் தூரத்தை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடித்தால் உள்ளே, ஒரு நொடி தாண்டினால் வெளியே. அந்த ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஐந்து நிமிடத்தில் வந்தவனும் ஆறு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடியில் வந்தவனும் அங்கே ஒன்றுதான். மதிப்பெண் எல்லாம் அதற்கப்புறம் வரும் கயிறு ஏறுதலுக்கும் தாண்டுதலுக்கும் குறுந்தூர ஓட்டத்துக்கும்தான்.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு முன்னாள் ராணுவக்காரர் வருவார். கையில் செல்போன், அதில் ஓடும் கடிகாரம். கூட்டத்தில் எப்போதும் ஒருவன் முதல் விளக்குக் கம்பத்திலிருந்தே எல்லாரையும் விட்டுப் பறப்பான். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக் குனிந்து நிற்பவனிடம் அவர் ஒருநாள் சொன்னது காதில் விழுந்தது: “தம்பி, இங்க ஃபர்ஸ்ட் வந்தா கப்பு கிடையாது. மிச்சத்த எடுத்து வை.”

அந்த ‘மிச்சம்’ என்ற சொல் அன்று முழுக்க என்னோடு வந்தது. நடுத்தூர ஓட்டத்தின் அரையிறுதிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இறுதிப் போட்டியைவிட அரையிறுதியே எனக்கு நெருக்கமானது. இறுதியில் எல்லாரும் வெல்லப் பார்க்கிறார்கள், அதில் புதிர் இல்லை. அரையிறுதியில் ஒருவன் வெல்ல வேண்டியதே இல்லை. வெளியேறாமல் இருந்தால் போதும். எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை, எதிரிகளின் தோள்களுக்கு நடுவே, நெஞ்சு வெடிக்கும் வேகத்தில் ஓடிக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கும் சிப்காட் சாலைக் கணக்கும் ஒன்றல்ல. இங்கே எதிரி கடிகாரம். பக்கத்தில் ஓடுகிறவன் நண்பன். அவனும் தேறலாம், நானும் தேறலாம். அங்கே எதிரி ஆள். 800 மீட்டரில் வழக்கமான ஏற்பாடு மூன்று அரையிறுதி, ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர். ஒவ்வொன்றிலும் முதல் இருவர் நேராக இறுதிக்குப் போவார்கள். முடிவுத் தாளில் அவர்கள் பெயருக்கு எதிரே பெரிய எழுத்தில் ஒரு ‘க்யூ’. மீதி இரண்டு இடம், மூன்று ஓட்டத்திலும் தோற்றவர்களில் வேகமான இருவருக்கு. அவர்களுக்குச் சின்ன ‘க்யூ’. பெரிய க்யூ ஆளை வென்று வாங்குவது, சின்ன க்யூ கடிகாரத்திடம் வாங்குவது. முதல் அரையிறுதியில் ஓடி மூன்றாவதாக வந்தவர் வியர்வை காயாமல் மற்ற இரண்டு ஓட்டங்களும் முடியும்வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கடைசி அரையிறுதியில் ஓடுகிறவருக்கோ எவ்வளவு நேரம் தேவை என்பது துப்பாக்கி வெடிக்கும் முன்பே தெரியும். அதே விதி, ஆனால் வரிசையில் எங்கே நிற்கிறாய் என்பதைப் பொறுத்து வேறு ஓட்டம்.

800 மீட்டரில் முதல் வளைவு மட்டும் அவரவர் லேனில். வளைவு முடிந்து கோட்டைத் தாண்டியதும் எல்லாரும் உள்பக்கம் இறங்குவார்கள். அந்த நொடியிலிருந்து முழங்கை, முழங்கால், ஸ்பைக்ஸ். உள்விளிம்பை ஒட்டி ஓடினால் தூரம் குறைவு. ஆனால் முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று அடைத்துவிட்டால் நெஞ்சில் காற்று இருந்தும் போக வழி இராது. வெளியே ஓடினால் வழி உண்டு; ஆனால் ஒரு வளைவை இரண்டாம் லேனில் சுற்றினால் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் கூடுதல். அந்த மூன்றரை மீட்டர் பெரும்பாலும் ஒரு க்யூவின் விலை. கோட்டை முந்திக் கடந்தால் தண்டனையும் உண்டு. பின்னாளில் சென்னைவாசியாகிவிட்ட இந்திய ஓட்டக்காரர் ஷைனி, 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் அரையிறுதிவரை போனவர், 1986 சியோல் ஆசியப் போட்டியில் எல்லாருக்கும் முன்னால் ஓடியும் லேனைச் சீக்கிரம் விட்டு இறங்கியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நாலைந்து எட்டுதான். நானும் பள்ளிக்கூட மைதானத்தில் அந்த வளைவில் நின்றிருக்கிறேன் என்பதால் அந்த நாலைந்து எட்டின் ஆசை எனக்குத் தெரியும்.

கென்யாவின் டேவிட் ருடிஷா 2009 பெர்லின் உலகப் போட்டியில் அரையிறுதியோடு வெளியேறினார். மூன்றாவதாக வந்தார், அவ்வளவுதான். இறுதியை தென்னாப்பிரிக்காவின் முலாவுட்ஸி 1:45.29 நேரத்தில் வென்றார். அடுத்த மாதமே இத்தாலியில் ரியேட்டி நகரில் ருடிஷா 1:42.01 ஓடினார். மூன்று நொடிக்கும் மேல் வித்தியாசம். 800 மீட்டரில் அது இருபது மீட்டருக்கும் மேலான இடைவெளி. கடிகாரத்தின் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை, ஆட்களின் கணக்கில் அவர் அன்று இறுதிக்கே தகுதி இல்லாதவர். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் அவர் செய்தது அதற்கான பதில் என்றே நினைக்கிறேன். தொடக்கத்திலிருந்து முன்னால் போனார், யாரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை, 1:40.91 என்ற உலகச் சாதனையோடு முடித்தார். அடைபடுவதற்கு அங்கே ஆளே இல்லாமல் செய்துவிட்டார். அவரை விடாமல் துரத்தியதில், எட்டாவதாக, கடைசியாக வந்த பிரிட்டன் வீரர்கூட 1:43.77 ஓடினார், அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கின் தங்கத்துக்கும் அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

முன்னால் ஓடுவது அப்படிப்பட்ட உடல் வாய்த்தவருக்கு ஆட்சி. மற்றவர்களுக்கு? 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ராஜஸ்தானைச் சேர்ந்த ராணுவ வீரர் ஸ்ரீராம் சிங் மூன்று நாளில் மூன்று ஓட்டம் ஓடினார். தகுதிச் சுற்றிலேயே 1:45.86. அரையிறுதியில் 1:46.42, நான்காவது இடம், இறுதிக்கான கடைசி இடம். இறுதியில் முதல் சுற்றை அவரே முன்னால் நின்று 50.85 நொடியில் இழுத்துக்கொண்டு போனார். அந்த வேகத்தின் மேல் ஏறித்தான் கியூபாவின் ஹுவான்டொரேனா 1:43.50 என்ற உலகச் சாதனையைப் படைத்தார். ஸ்ரீராம் சிங் ஏழாவது, 1:45.77. அந்த நேரத்தை இன்னோர் இந்தியர் தாண்ட 42 ஆண்டு ஆயிற்று. 2018இல் கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடினார்.

டின்டு லூகாவை நினைக்கும்போது எனக்குச் சற்றுக் கோபம் வரும். அவர் மேல் அல்ல. பி.டி. உஷாவின் மாணவி, தொடங்கியதும் முன்னால் போவார், மணி அடிக்கும்போது பெரிய இடைவெளி இருக்கும், கடைசி இருநூறில் மற்றவர்கள் வந்துவிடுவார்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் சொந்த மண்ணில் அப்படித்தான் ஆறாவதானார். “டாக்டிக்ஸ் தெரியாதவர்” என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் அவர் 1:59.69 ஓடினார். வாழ்நாளின் மிக வேகமான ஓட்டங்களில் ஒன்று. ஆனால் தன் ஓட்டத்தில் ஆறாவது, வெளியே. மிச்சம் வைக்கத் தெரியவில்லை என்று சொல்வது எளிது. தன் உச்சத்தைக் கொடுத்தாலே ஆறாவதாக வரக்கூடிய ஒருவருக்கு மிச்சம் என்று எதை வைப்பது? தந்திரம் என்பது கையிருப்பு உள்ளவர்களின் வசதி. மாதக் கடைசியில் சிக்கனமாக இரு என்று ஒப்பந்தத் தொழிலாளியிடம் சொல்வதைப் போன்றது அந்த அறிவுரை.

அந்தக் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும். ஒன்பதாம் வகுப்பில் குறுவட்டத்தில் தேறி ஒரு மாவட்டப் போட்டிக்குப் போனேன். இருநூறு மீட்டர் மண் தடம், 800 என்றால் நாலு சுற்று. பதினாறு பேர் வந்திருந்தோம். ஹீட்ஸ் வைத்து அப்புறம் இறுதி என்று சொன்னார்கள். மதியம் ஆனது, சோறு வரத் தாமதம், பொழுது இல்லை. எட்டு எட்டுப் பேராக இரண்டு தடவை ஓடவிட்டு, கடிகாரம் பார்த்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் என் ஓட்டத்தில் முதலாவது. கடைசி வளைவுவரை காத்திருந்து ஒருவனைத் தாண்டினேன். அவன் மூச்சு என் காதில் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. அடுத்த ஓட்டத்தில் நாலு பேர் என்னைவிடக் குறைந்த நேரத்தில் வந்தார்கள். ஐந்தாவது. அவர்களில் ஒருவனையும் நான் கண்ணால் எதிர்கொள்ளவில்லை. அன்று எனக்கு வந்த அழுகை தோற்றதற்காக அல்ல. அவர்களோடு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது என்பதற்காக.

அங்கிருந்த ஆசிரியர்கள் வேண்டுமென்றே செய்ததல்ல, பொழுது அப்படி. ஆனால் இந்த நாட்டில் ஓடப் பழகும் குழந்தை பெரும்பாலும் அப்படித்தான் பழகுகிறது: கடிகாரத்தோடு. சமபலம் உள்ள எட்டுப் பேர் ஒரே வளைவில் இடித்துக்கொள்ளும் ஓட்டம் அதற்கு ஆண்டில் ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிகம். மாநிலப் போட்டிக்குப் போனாலும், வேலைக்குப் போனாலும், தேசிய முகாமுக்குத் தேர்வானாலும் கேட்பது ஒரே கேள்வி: டைமிங் என்ன? பிறகு ஒருநாள் உலகப் போட்டியின் அரையிறுதியில் கொண்டுபோய் நிறுத்தி, ஆளோடு ஓடு என்கிறோம்.

தகுதிச் சுற்றில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது எப்போதும் பிழைதான் என்றும் சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் ஹீட்ஸில் 55.42 ஓடினார். 1984இல் உஷா ஒலிம்பிக் இறுதியில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்த அதே நேரம், நூறில் ஒரு பங்குகூட மாறாமல். அன்று மாலை கலப்புத் தொடரோட்டத்திலும் ஓடினார். மறுநாள் இறுதியில் 55.68, வெண்கலம். ஹீட்ஸில் கொஞ்சம் அடக்கி வாசித்திருந்தால் வெள்ளி வந்திருக்குமோ என்று அன்று ஒரு நண்பர் கேட்டார். அந்த ஹீட்ஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு அப்படிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

உலகத் தடகள அமைப்புக்கும் இந்தக் குழப்பம் புரியத்தான் செய்கிறது. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியிலிருந்து 1500 மீட்டரில் சின்ன க்யூவை எடுத்துவிட்டார்கள். முதல் ஆறு பேர், அவ்வளவுதான். கடிகாரத்துக்கு வேலை இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹீட்ஸில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு ஓட்டமும் வைத்தார்கள். எனக்கு இந்த இரண்டும் பிடித்திருக்கிறது. எதிரே நிற்காதவரிடம் தோற்பதைவிட எதிரே நிற்பவரிடம் தோற்பது மேல். அதில் இரக்கத்துக்கும் இடம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கின் 800 மீட்டர் அரையிறுதியில் அமெரிக்காவின் ஐசயா ஜூவெட்டும் போட்ஸ்வானாவின் நைஜல் அமோஸும் கால் பின்னி விழுந்தார்கள். எழுந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, சேர்ந்தே நடந்து முடித்தார்கள்.

இத்தனையும் எழுதியது ஒருவரிடம் வந்து சேரத்தான். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலும் பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் சூளைகள்தான். குழந்தைகள் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அப்படியொரு வீட்டிலிருந்து சாந்தி சௌந்தர்ராஜன் வந்தார். 2005 ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டர் இறுதி. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் தங்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்குக் கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவும் சாந்தியும். சாந்தி 2:03.16. மற்றவர் நூறில் மூன்று நொடி பின்னால். அந்த வேகத்தில் நூறில் மூன்று நொடி என்பது இருபது சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. இரண்டு நிமிடம், எண்ணூறு மீட்டர், பிறகு ஒரு சாண். கடிகாரத்தோடு மட்டும் ஓடுகிறவருக்கு அந்தச் சாண் கிடைக்காது. பக்கத்தில் ஓர் உடம்பு இருக்கிறது, அதை முன்னால் விடக்கூடாது என்று கடைசி எட்டில் நெஞ்சைக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கே கிடைக்கும்.

ஓட்டம் முடிந்த பிறகு இன்னொரு தகுதிச் சுற்று வந்தது. அதற்குத் தடமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ரகசியமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ முடிவு உலகம் முழுக்கச் செய்தியானது. ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை, லேனைக்கூட மிதிக்கவில்லை. ‘தகுதி’ என்ற சொல்லை நாம் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறோம். தகுதிச் சுற்று, தகுதி நேரம், தகுதி நீக்கம். வேகத்துக்குத் தகுதி கேட்டால் இன்னும் பயிற்சி எடுத்து வரலாம். பிறந்த உடம்புக்குத் தகுதி கேட்டால் எங்கே போய்ப் பயிற்சி எடுப்பது?

அன்றைய முதல்வர் மு. கருணாநிதி பதினைந்து லட்சம் ரூபாய் பரிசளித்தார்; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவுக்கு, அதே 800 மீட்டரில், இதே கேள்வி வந்தபோது ஒரு நாடே அவருக்காக எழுந்தது. சாந்திக்கு அப்படி எழ நமக்கு முடியவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலியாக நின்றார். பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக வேலை பெற்றார். பதக்கம் திரும்பவில்லை. 2025 செப்டம்பர் முதல் உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயம் என்றாகிவிட்டது. இனி அந்தச் சுற்று ஓட்டத்துக்கு முன்பே நடக்கும்.

அதே தோஹாவில் 2019 ஏப்ரலில் திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் கடைசி நேரத்தில் முந்தி வந்து 2:02.70 நேரத்தில் தங்கம் வென்றார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அந்தத் தங்கமும் போயிற்று, நாலு ஆண்டுத் தடையும் வந்தது. இரண்டு கதையும் ஒன்றல்ல. ஒன்றாகச் சொல்வது சாந்திக்குச் செய்யும் இன்னொரு அநீதி. ஆனாலும் அந்தக் கடைசி நூறு மீட்டரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், மறக்க முடியவில்லை.

ஹாங்சோவில் 2023இல் இலங்கையின் தருஷி கருணாரத்ன 800 மீட்டர் தங்கத்தை 2:03.20 நேரத்தில் வென்றார். சாந்தியின் தோஹா நேரம் அதைவிட நூறில் நாலு நொடி குறைவு. அந்த எண்ணைப் பார்த்ததும் காகிதத்தில் எழுதி வைத்தேன். பிறகுதான் நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று உறைத்தது. பதினேழு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு ஓட்டங்களைக் கடிகாரத்தால் ஒட்டவைத்து, எனக்கு மாவட்டப் போட்டியில் நடந்ததையே தருஷிக்கும் செய்துகொண்டிருந்தேன். சாந்தி பக்கத்தில் ஓடியிருந்தால் தருஷி இன்னும் வேகமாக ஓடியிருக்கக்கூடும். சாந்தியும்தான்.

சில மாதங்களாகச் சாலையில் பெண்களும் வருகிறார்கள். விடுதியில் தங்கி கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். போன வாரம் இரண்டு பேர் ஓடினார்கள். முன்னால் வந்தவள் எல்லைக் கோட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது கடிகாரத்தில் இன்னும் அரை நிமிடம் மிச்சம் இருந்தது. இருவரும் நடந்து வந்தாலே தேறியிருப்பார்கள். பின்னால் வந்தவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பாய்ந்து வந்து கோட்டில் அவளைத் தாண்டினாள். ராணுவக்காரர் செல்போனைத் தாழ்த்தினார்.

“எதுக்கும்மா? டைம்தான் இருந்துச்சே.”

அவள் மூச்சு வாங்கியபடி மற்றவளைக் காட்டினாள். “இவ முன்னாடி போய்ட்டிருந்தா சார்.”

மற்றவள் சிரித்துக்கொண்டே அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். கம்பெனி பஸ்ஸின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு சாலையோரம் போய் நின்றார்கள்.